வலிமையின் அரிச்சுவடி

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பணிக்கப்பெற்றபோது, தமிழாசிரியனாகிய யான் சங்க இலக்கியம் பற்றியோ புணர்ச்சி விதி பற்றியோ எழுதுவேன் என்றே பலரும் எண்ணியிருப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ உடல் வலிமை. இதுகாறும் பாரந் தூக்கி அறியாத ஒருவர் அப்பயிற்சியை எங்ஙனம் தொடங்கல் வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுவது. "இலக்கணம் படிப்பிப்பவருக்கு இரும்போடு என்ன வேலை?" என நண்பர் சிலர் நகைத்தலுங் கூடும். நகைப்பவர் இக்கட்டுரையை இறுதிவரை படிப்பாராக.

சுவரை வைத்தே சித்திரம் எழுதல் வேண்டும் என்னும் பழமொழியை யாம் ஆண்டுதோறும் மாணாக்கருக்கு விரித்துரைக்கின்றோம். அதன்மேற் கட்டுரையும் எழுதுவிக்கின்றோம். ஆயினும் எமது சுவர் எந்நிலையில் நிற்கின்றது என்பதைத் தட்டிப் பார்ப்பவர் எம்முள் மிகச் சிலரே. யானும் நாற்பத்து நான்கு வயதுவரை அங்ஙனம் பார்த்தேனல்லேன். பார்க்கும்படி செய்தது ஓர் இரவு நிகழ்ச்சி.

ஓர் இரவிற் கற்ற பாடம்

மூன்றாண்டுகளுக்கு முன்னர், கார்த்திகை மாதத்து மழையிரவொன்றில், அப்போது எழுபத்தெட்டு வயதினராயிருந்த என் அன்னையார் கிணற்றடிக்குச் செல்லும் வழியிற் சறுக்கி வீழ்ந்தார். சத்தங் கேட்டு ஓடினேன். மனைவியும் பிள்ளைகளும் அன்று வீட்டில் இலர். அன்னையாரின் எடை 45 கிலோகிராமுக்கு மேற்படாது. அவர்தம் அக்குளிற் கைகொடுத்துத் தூக்க முயன்றேன்; அரையளவு எழுந்தவர் என் கையினின்றும் நழுவி மீண்டும் சேற்றில் அமர்ந்தார். இரண்டாம் முறை முயன்றபோது என் இடுப்பிற் கத்தி பாய்ந்தாற்போல நோவு எழுந்தது. என்னைச் சுமந்து பெற்றவர் மழையில் நனைந்துகொண்டிருக்க, அவரைத் தூக்கும் வலுவின்றி யான் அருகில் நின்றேன்.

என் குரல் கேட்டு வேலிக்கு அப்பாலிருந்து அயல்வீட்டுத் தோட்டக்காரர் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். சிறுபராயந்தொட்டு மண்வெட்டி பிடித்தவர். அவர் உடனே தூக்கினாரல்லர். முதலில் அருகிற் குந்தி, "அக்கா, எங்கையெண்டாலும் நோகுதோ? காலை ஒருக்கா அசையுங்கோ பாப்பம்" என்றார். எலும்புக்கு ஊறு இல்லை எனத் தெளிந்தபின், "தம்பி, நீர் கொஞ்சம் விலகும்" என்று என்னை அகற்றினார். முழங்கால்களை மடித்து, முதுகை நிமிர்த்தி, அன்னையாரைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டு, கால்களின் வலியால் மெல்ல எழுந்தார். விறாந்தைக் கதிரையில் அவரை இருத்திவிட்டுத் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் வீடு சென்றார்.

மறுநாள் வைத்தியர் சோதித்து, அன்னையாருக்குப் பழுதில்லை என்றார். எனக்கோ அன்று இரவு முழுதும் உறக்கம் வரவில்லை. எழுபது வயதினர் எளிதிற் செய்ததை நாற்பத்து நான்கு வயதினன் செய்ய இயலாமற்போனது எதனால்? இவ்வினாவே என்னை இத்துறையிற் புகுத்தியது.

முன்னோர்க்கு வலிமை வந்த வழி

எம் முன்னோர் பாரப்பயிற்சி என்று தனியே ஒன்றைச் செய்ததில்லை என்பர் சிலர். உண்மை, அவர்தம் நாள் முழுவதுமே பாரப்பயிற்சியாய் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்தவர் மேலும் கீழுமாக நடந்து தம் உடலையே எடையாக்கினர். கிணற்றடியில் நின்று பட்டை பிடித்தவர் நீர் நிறைந்த பட்டையை மணிக்கணக்காக இழுத்துக் கவிழ்த்தனர். பெண்கள் உலக்கை கொண்டு நெல்லும் மாவும் இடித்தனர். குடமேந்தி நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து வீடு சேர்ந்தனர். பனையேறியவரின் தோளும் தொடையும் எத்துணை உரம் பெற்றிருந்தன என்பதைக் கூறவேண்டியதில்லை.

இன்று நீர்ப்பம்பி இறைக்கின்றது, ஆலை இடிக்கின்றது, குழாய் நீர் கொணர்கின்றது, மோட்டார் சைக்கிள் எம்மைச் சுமக்கின்றது. இவற்றை யான் பழிக்கவில்லை. துலாவின் காலத்துக்குத் திரும்புக என்று கூறுபவர் துலா மிதித்தவரின் களைப்பை அறியாதவர். ஆயின், வேலை எம்மை விட்டு நீங்கியபோது வேலையால் வந்த வலிமையும் உடன் நீங்கிற்று. முப்பது வயதின் பின்னர்ப் பயன்படுத்தப்பெறாத தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகின்றது. அக்குறைவு கண்ணுக்குப் புலனாகாது. விழுந்தவரைத் தூக்கும் இரவிலேதான் புலனாகும். ஆதலின், முன்னர்த் தானாக வந்ததை இனி நாமாகத் தேடிக்கொள்ளல் வேண்டும்.

எனது முதற் பிழை

அந்நிகழ்ச்சிக்கு ஒரு மாதத்தின் பின், இடுப்பு நோவு தணிந்ததும், பெருங் கிளர்ச்சியோடு பயிற்சி தொடங்கினேன். மருமகன் ஒருவனிடமிருந்து இரும்புக் குண்டுகள் இரண்டை வாங்கிவந்தேன். முதல் நாளே ஐம்பது முறை குந்தி எழுந்தேன். கை நடுங்குமட்டும் குண்டுகளைத் தூக்கினேன். முடிந்தபோது பெருமிதமே தோன்றிற்று.

மறுநாட் காலை கட்டிலை விட்டு எழ இயலவில்லை. இரண்டாம் நாள் நோவு இன்னும் மிகுந்தது. கல்லூரியில் மேல்மாடி வகுப்பை முடித்துக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி ஒவ்வோர் அடியாக இறங்கிய என்னைக் கண்டு மாணாக்கர் ஒதுங்கி வழிவிட்டனர். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. அது நகைப்பினும் வருத்திற்று. குண்டுகளை மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் எனத் துணிந்தேன்.

அந்நேரம் எமது உடற்கல்வி ஆசிரியர் எதிர்ப்பட்டார். என்னினும் பத்து வயது இளையவர். நிகழ்ந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "சேர், ஏடு தொடக்கின பிள்ளைக்கு அடுத்த நாளே தொல்காப்பியம் படிப்பிப்பீங்களோ?" என்றார். அவ்வொரு வினா எனக்குப் போதுமாயிற்று. அரியில் விரலால் 'அ' எழுதுவிப்பதே வித்தியாரம்பம். அதன்பின் உயிர், மெய், உயிர்மெய், சொல், சொற்றொடர் எனப் படிமுறையாகவே கற்பிக்கின்றோம். இருபது ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்கு யான் காட்டிவந்த பொறுமையை என் உடலுக்குக் காட்டத் தவறினேன். உடலும் ஒரு மாணாக்கனே. அதுவும் தொடக்க வகுப்பு மாணாக்கன். அதற்குரிய அரிச்சுவடியைத் தேடலானேன்.

தசை வளரும் இயல்பு

பண்டைக் கிரேக்கரிடையே மைலோ என்னும் மற்போர் வீரனைப் பற்றிய கதையொன்று வழங்கியது. அவன் கி.மு. ஆறாம் நூற்றாண்டில், தென் இத்தாலியில் இருந்த குரோட்டன் என்னும் கிரேக்க நகரில் வாழ்ந்தவன். இளங்கன்று ஒன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தான் எனவும், கன்று வளர வளர அவன் வலியும் வளர்ந்து, ஈற்றில் வளர்ந்த காளையையே சுமந்தான் எனவும் அக்கதை கூறும். கதையாயினும் அதிற் பொதிந்த நெறி மெய்யானது: பாரம் சிறிது சிறிதாக மிகுதல் வேண்டும்.

இந்நெறிக்கு வைத்தியத் துறையில் இடந் தந்தவர் தோமஸ் டெலோர்ம் என்னும் அமெரிக்க வைத்தியர். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற படைவீரரைச் சிக்காகோ நகரின் இராணுவ வைத்தியசாலையொன்றில் அவர் கவனித்தார். மிக மெல்லிய பாரத்தைப் பன்முறை அசைப்பித்தலே அக்காலத்து வழக்கு. அவரோ இளமையில் நோயுற்றுப் பாரப்பயிற்சியால் தேறியவர். வீரர்தம் நலிந்த கால்களுக்குச் சற்றுக் கனமான பாரத்தைச் சில முறையே தூக்குவித்து, வலி மிகுந்தோறும் பாரத்தையும் மிகுவித்தார். தம் முறையை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டார். பத்து முறை கொண்ட மூன்று சுற்று என்று இன்று பயிற்சிக்கூடங்களில் வழங்கும் அளவு, 1948ஆம் ஆண்டில் அவரும் வொற்கின்ஸ் என்பவரும் சுருக்கி அமைத்த ஒழுங்கிலிருந்து வந்ததாகும்.

இனி, உடலுள் நிகழ்வது யாது? தசை தனக்குப் பழக்கமில்லாத பாரத்தைத் தாங்கும்போது அதன் நார்கள் இழுவிசைக்கு ஆளாகின்றன. அதன் பின்வரும் ஓய்வு நாட்களிலே, உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு, உடல் அந்நார்களை முன்னையினும் உரமுடையனவாகக் கட்டுகின்றது. பயிற்சி விதைத்தலை ஒக்கும். விளைவது ஓய்விலும் உறக்கத்திலுமே. நாள்தோறும் விதைத்த நிலத்தைக் கிளறுபவன் விளைவு காணான்.

மற்றொன்றும் அறியத்தக்கது. தொடக்க வாரங்களில் வலிமை விரைந்து மிகும். தசையோ பருத்துத் தோன்றாது. காரணம் யாதெனில், அவ்வாரங்களில் முதன்மையாகக் கற்பது நரம்பு. உள்ள தசைநார்களை ஒருங்கே ஏவுதற்கு மூளையும் நரம்பும் பழகிக்கொள்கின்றன. மொரித்தானி, டிவிறீஸ் ஆகிய இருவரின் ஆய்வு 1979ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுறுத்திற்று. ஆகவே, ஒரு மாதத்தின் பின் கண்ணாடி முன் நின்று மனஞ் சோர்தல் வேண்டா. எழுத்துக் கற்கும் பிள்ளை முதல் மாதத்திற் கட்டுரை எழுதுவதில்லை. ஆயினும் அதன் கை பழகிவிட்டது.

ஆறு தொழிற்பெயர்கள்

பயிற்சிகள் நூற்றுக்கணக்கில் உள. தொடங்குபவருக்கு ஆறு போதும். இலக்கண ஆசிரியனாதலின் அவற்றை ஆறு தொழிற்பெயர்களாக நினைவிற் கொண்டுள்ளேன்: எழுதல், தள்ளல், இழுத்தல், எடுத்தல், சுமத்தல், தாங்கல். இவற்றுக்கு வேண்டுவன உறுதியான கதிரை ஒன்று, வாளி இரண்டு, பழைய புத்தகப்பை ஒன்று, நீர் ஆகியனவே. ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். இதனினும் செம்மையான எடைக்கல்லைக் கடையில் வாங்க இயலாது.

எழுதல்: கதிரையின் விளிம்பில் அமர்ந்து, பாதங்களைத் தோளளவு அகற்றி ஊன்றி, கைகளை முன்னே நீட்டியவாறு எழுக, மெல்ல மூன்று எண்ணுமளவில் மீண்டும் அமர்க. முழங்கால்கள் உள்நோக்கி ஒடுங்காமல், கால்விரல் நோக்கும் திசையிலே செல்லல் வேண்டும். எளிதாயின் கதிரையைத் தொட்டவுடன் எழுக. பின்னர் நீர்ப்போத்தல் இட்ட பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்க. எழுத இயலாதவன் எழுதுகோலைக் குறை கூறுவான். எழ இயலாதவன் கதிரையைக் குறை கூறுவான். இரண்டுக்கும் மருந்து பயிற்சியே.

தள்ளல்: இது தண்டாலின் முதற்படி. சுவருக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரிற் பதித்து, உடலை ஒரு பலகைபோல் நேராக வைத்து, முழங்கையை மடித்து நெருங்கி மீண்டும் தள்ளுக. பன்னிரண்டு முறை எளிதாயின் அசையாத மேசை விளிம்புக்கும், அதன்பின் வாங்கிற்கும், ஈற்றில் தரைக்கும் இறங்குக. தரையை அடைய எனக்கு ஐந்து மாதங்கள் சென்றன.

இழுத்தல்: ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகு வளையாமல் முன்சாய்ந்து நின்று, மறுகையிற் பையை ஏந்தி, முழங்கை விலாவை உரசும்படி மேலிழுத்து மெல்ல இறக்குக. கிணற்றிலே கயிறு பிடித்து நீரள்ளிய தசைகள் இவை. நாள் முழுதும் மேசைமேற் கவிந்து விடைத்தாள் திருத்துவோர்க்கு இது மிகவும் வேண்டப்படுவது.

எடுத்தல்: அயல்வீட்டார் அன்று செய்தது இதுவே. வாளியைக் கால்களுக்கு இடையில் வைத்து, இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்காலைச் சிறிது மடித்து, முதுகை நிமிர்த்தியவாறே கைபிடியைப் பற்றுக. பாதங்களால் நிலத்தை அழுத்தி எழுக. பாரம் உடலை விட்டு விலகாதிருத்தல் வேண்டும். யான் அன்று கையை நீட்டி, முதுகை வில்லாக வளைத்துத் தூக்கினேன். அதனால் இடுப்பு வருந்தியது. முதலில் நான்கு லீற்றர் நீருடன் தொடங்கி, முறை செம்மையானபின் ஒவ்வொரு லீற்றராகக் கூட்டுக. வாளி நிறைந்தபின் மணலுக்கு மாறலாம். உலர்ந்த மணல் ஒரு லீற்றர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறுக்கும்.

சுமத்தல்: இரு கையிலும் சம எடையுள்ள வாளிகளை ஏந்தி, நிமிர்ந்து, சிற்றடி வைத்து முற்றத்தில் இருபது முப்பது அடி நடக்க. கைப்பிடி, தோள், வயிறு, கால் என யாவும் ஒருங்கே உழைக்கும் பயிற்சி இது. நீர் தளும்பாமல் நடப்பவன் நடை திருந்தியவன் என்க.

தாங்கல்: முழங்கைகளையும் கால்விரல்களையும் நிலத்தில் ஊன்றி, தலைமுதற் குதிவரை நேர்கோடாக உடலைத் தாங்குக. இயலாதார் முழங்காலை ஊன்றலாம். பத்து விநாடியில் தொடங்கி முப்பது விநாடிவரை செல்க. இடுப்புத் தாழ்ந்தவுடன் நிறுத்துக; தாழ்ந்தபின் தாங்குவதாற் பயனில்லை.

அளவும் ஒழுங்கும்

பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்றல் வேண்டும். யான் முற்றங் கூட்டுகின்றேன். உடலும் சூடேறுகின்றது, வீட்டாரும் மகிழ்கின்றனர்.

கிழமைக்கு இரண்டு நாள் போதும். திங்களும் வியாழனும் என வைத்துக்கொள்க. வயது வந்தோர் கிழமைக்கு இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்தல் வேண்டும் என்றே உலக சுகாதார தாபனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலிற் கூறியுள்ளது. அதனோடு கிழமைக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் போன்ற மிதமான உழைப்பும் வேண்டுமென அவ்வழிகாட்டல் கூறும்.

முதலிரு வாரங்களில் எழுதல், தள்ளல், இழுத்தல், எடுத்தல் ஆகிய நான்கையும் எட்டு முறை, ஒரே சுற்று மட்டும் செய்க. சுமத்தலும் தாங்கலும் ஒவ்வொரு தடவை போதும். முடித்ததும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். தோன்றட்டும். முதல் மாதத்திற் கற்கவேண்டியது பாரத்தையன்று, முறையை. மூன்றாம் நான்காம் வாரங்களில் இரண்டு சுற்றாக்குக. சுற்றுக்கிடையே இரண்டு நிமிடம் ஆறியிருக்க. ஐந்தாம் வாரந்தொட்டுப் பாரம் கூட்டத் தொடங்கலாம்.

எப்போது கூட்டுவது? இரண்டு சுற்றிலும் பன்னிரண்டு முறையை முறை பிசகாமல் இரு நாள் அடுத்தடுத்துச் செய்ய முடிந்தால், அடுத்த நாள் ஒரு கிலோகிராம் கூட்டி, எட்டு முறைக்குத் திரும்புக. எப்போது நிறுத்துவது? இன்னும் இரண்டு மூன்று முறை செய்யும் வலு எஞ்சியிருக்கும்போதே நிறுத்துக. தொடங்குபவர் தம் எல்லையை முட்டிப் பார்க்கவேண்டிய தேவையில்லை.

செய்ததனை ஒரு கொப்பியில் நாளிட்டு எழுதிவருக. மாணாக்கரின் புள்ளிகளைத் தவறாது பதியும் ஆசிரியர்கூடத் தம் உடலுக்குப் பதிவேடு வைத்திலர். என் கொப்பியின் முதற்பக்கத்தில் நான்கு லீற்றர் என்றிருந்தது. ஓராண்டின் இறுதிப் பக்கத்தில் இரு வாளிகளுமாக முப்பது கிலோகிராம் என்றிருந்தது. இடையே நோயுற்ற வாரங்களும், பரீட்சைக் காலத்திற் கைவிட்ட வாரங்களும், பாரம் கூடாமலே கழிந்த மாதங்களும் உள. மைலோவின் கன்றுபோல் எம் வலிமை நாள்தோறும் வளர்வதில்லை. விட்ட இடத்திற்குச் சற்றுப் பின்னிருந்து மீண்டும் தொடங்கல் வேண்டும், அவ்வளவே.

உணவும் உறக்கமும்

புரதம் இன்றித் தசை இல்லை. மரக்கறி உண்போர் மலைக்கவேண்டா. உலர்ந்த பாசிப்பயறு நூறு கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. உழுந்து, கௌபி, கடலை, கச்சான், சோயா, பால், தயிர் யாவும் உதவும். உண்போர்க்கு மீனும் முட்டையும் உள. முட்டையொன்றில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் அடங்கும். எம் கோப்பையிற் சோறு மலையாகவும் பயறு மடுவாகவும் இருப்பதே குறை. சோற்றிற் சிறிது குறைத்து, பருப்பிலும் பயற்றிலும் சிறிது கூட்டினாற் பெரும்பாலும் போதும். சிறுநீரக நோயுடையார் மட்டும் வைத்தியரைக் கேளாது புரதத்தை மிகுவித்தல் ஆகாது.

உறக்கத்தை வெட்டிப் பயிற்சிக்கு நேரந் தேடுதல், வேரை வெட்டிக் கிளைக்கு நீர் ஊற்றுதலை ஒக்கும். ஏழு மணி நேரமேனும் உறங்குக.

எச்சரிக்கைகள் சில

இருதய நோய், உயர்ந்த இரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையிற் செய்த சத்திரசிகிச்சை ஆகியவை உடையார் வைத்தியரிடம் கேட்டே தொடங்குக. இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் நீரிழிவு நோயாளர்க்கும் இது பொருந்தும். பயிற்சியால் இரத்தத்து வெல்லம் தாழ்தல் உண்டு. நீரிழிவு பெருகிய எம் நாட்டில் இப்பயிற்சியின் பெரும் பயனும் ஈதே. உண்டபின் இரத்தத்திற் சேரும் வெல்லத்தைப் பேரளவில் ஏற்றுக்கொள்ளும் உறுப்புத் தசையே.

பாரந் தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. எழும்போது மூச்சை விடுக, இறங்கும்போது உள்வாங்குக. பயிற்சியின் மறுநாளும் அதன் மறுநாளும் தசையில் தோன்றும் மெல்லிய நோவு இயல்பானது. சில நாளில் நீங்கும். மூட்டில் எழும் கூரிய நோவோ, நெஞ்சிறுக்கமோ, தலைச்சுற்றோ அங்ஙனமன்று. உடனே நிறுத்தி வைத்தியரை நாடுக.

மாணாக்கர்க்கு இரண்டு கூறுவன். பாரந் தூக்கினால் வளர்ச்சி குன்றும் என்பது ஆதாரமற்ற அச்சம். அறிந்தவர் மேற்பார்வையில், செம்மையான முறையில், அளவான பாரத்தோடு செய்வதாற் கேடில்லை. ஆயின், விரைவிற் பருத்த தோள் வேண்டி, யாரோ தரும் மாத்திரையையும் ஊசியையும் நாடுதல் கொடிது. அனபொலிக் ஸ்ரீரொயிட் எனப்படும் அம்மருந்துகள் இருதயத்தையும் ஈரலையும் தாக்கும். ஆண்மைச் சுரப்பிகளை ஒடுக்கும். விலையுயர்ந்த புரதத் தூளோ தீங்கு தரும் நஞ்சன்று. எனினும் பயறு உள்ள வீட்டில் அதன் தேவை சிறிதே.

பழைய மாணவர் தம் மனைவியரையும் சகோதரியரையும் இதில் விலக்கி வைத்தலாகாது. பாரந் தூக்கினாற் பெண்ணுடல் ஆணுடலாகிவிடும் என்பது வீண்பேச்சு. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து உரங் குறைகின்றது. அவ்வெலும்பைக் காக்கும் வழிகளுள் இப்பயிற்சியும் ஒன்று.

வயது கடந்துவிட்டது என்று கூறுவாரும் உளர். 1990ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்து ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று அவர்க்கு விடையாகும். முதியோர் இல்லத்து வாழ்ந்த, 86 முதல் 96 வயதுவரையான பத்துப் பேர், கால்களுக்குப் பாரப்பயிற்சி பெற முன்வந்தனர். எட்டு வாரத்தில் அதனை முடித்தோரின் வலிமை சராசரி 174 வீதம் மிகுந்தது. தொண்ணூறு வயதினர் தொடங்கிய பாடத்தை ஐம்பது வயதினர் காலங்கடந்தது எனல் தகுமா?

முடிவுரை

அவ்விரவின் பின் இரண்டாண்டு சென்று, மீண்டும் ஒரு நாள் என் அன்னையார் கட்டிலருகிற் சறுக்கி நிலத்தில் அமர்ந்துவிட்டார். இம்முறை யான் பதறவில்லை. அருகிற் குந்தி எங்கு நோகின்றது என்று கேட்டேன்; கால்களை அசைக்கச் செய்தேன்; மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். அன்னையார் என் தோளைப் பிடித்தவாறு, "இப்ப உனக்கும் கொஞ்சம் பெலன் வந்திட்டுது" என்றார். பரீட்சைகள் பல எழுதிப் பெற்ற சான்றிதழ்கள் என்னிடம் உள. அவற்றுள் எதுவும் இச்சொல்லுக்கு ஈடாகாது.

எண்பத்தொரு வயதாகிய அவரும் இப்போது நாள்தோறும் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்கின்றார். எண்ணுபவர் அவரே; நான்கோடு யான் நிறுத்தினால் ஒப்புவதில்லை.

பழைய மாணவர்களே, உங்களிற் பலர் நாற்காலியிலிருந்து நாடாள்பவர். நாடு கடந்து குளிர்நாட்டில் வாழ்பவரும் உளர். உங்களுக்கும் தாய் தந்தையர் உளர். நாளை நீங்களே தூக்கப்படும் முதியவராவீர். மாணாக்கர்களே, உங்கள் சுவர் இன்று புதிது. அதனை அவ்வாறே பேணுதல் எளிது. பெரிய பயிற்சிக்கூடத்துக்கும் நல்ல நாளுக்கும் காத்திராதீர்கள். வாளியில் நான்கு லீற்றர் நீரை ஊற்றுங்கள். முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, ஒருமுறை எடுத்து வையுங்கள். வலிமை என்னும் நூலின் முதலெழுத்தை எழுதிவிட்டீர்கள்.